ராகு காலத்தில் ஒரு ஹொங்கொங் படம்

ராகு காலத்தில் சினிமா பார்க்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், என் வீட்டு ஹோலில் இது பெரிய பிரச்சினையாக எழுந்தது. பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். ராகு காலத்தில் பயணம் தொடங்கக் கூடாது, நல்ல காரியம் பேசக் கூடாது, புதுச் சாமான் வாங்கக் கூடாது... எல்லாம் இருக்கிறது. படம் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஞ்சாங்கம் கணித்தவர் வீட்டில் டீவி இருந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் துஷியை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். அவளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. பெயர் நிரோஷன். இருவருக்கும் ஒரே ஒஃபிசில் வேலை. கொட்டாஞ்சேனைப் பையன். இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் சொன்ன நகைச்சுவைகளுக்குச் சிரித்தான். எனக்கு அது போதும்.

ஆனால் எங்கள் வீடுகளில் காதலித்தாலும் பேச்சுக்கால் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் இருவரும் எப்போதோ முடிவு எடுத்துவிட்டார்கள் அல்லவா? அந்த முடிவைத் தாங்களே எடுத்ததாகப் பெரியவர்கள் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளும் சடங்குதான் அது. வடை, கேசரி, பால் தேத்தண்ணியுடன்.

அதற்கு முன்னால் விசாரணை. என் மனைவி பவானி விசாரித்தால் இரகசியப் பொலிஸ் தோற்றுப் போகும். கோயில், சேலைக் கடை, டியூஷன் வகுப்பு வாசல் என்று மூன்று பாதைகளால் கொட்டாஞ்சேனைக்குள் புகுந்தாள். நிரோஷனின் அப்பா செல்வராசா இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். குடிப்பதில்லை. யாரோடும் சண்டை இல்லை. அதிகம் கதைக்க மாட்டார். அம்மா ராணி அவருக்கும் சேர்த்துக் கதைப்பார். மூத்த மகள் ஒருத்தி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை...

"ஏன் ஆகேல்லை?" என்று பவானி கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எந்தப் பாதையிலும் பதில் வரவில்லை.

பேச்சுக்கு நாள் குறித்தோம். ஞாயிறு பின்னேரம் மூன்றரை. எங்கள் பக்கத்துப் பேச்சாளர் பவானியின் மூத்த அண்ணர். எனக்கு அத்தான். கல்கிசையில் இருக்கிறார். நேரம், காலம், சகுனம் எல்லாவற்றுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் பேச்சுக்கு மாப்பிள்ளை வரக் கூடாது என்றதும் அவர்தான். தான் வந்து உட்காரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றதும் அவர்தான்.

செல்வராசாவும் ராணியும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கூடவே மழையும் வந்தது. அத்தான் வரவில்லை.

வெளியே ஊற்றுகிறது. காலி வீதியில் பஸ் எல்லாம் வரிசையில் நிற்கிறது. உள்ளே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். பேச வந்த விஷயத்தைப் பேச முடியாது. வேறு எதைப் பேசுவது? மழையைப் பற்றிப் பேசினோம். போன வருடத்து மழையைப் பற்றிப் பேசினோம். தேங்காய் விலை பேசினோம். அதுவும் முடிந்தது. செல்வராசா பெரிய உடம்புக்காரர். சோபாவின் நுனியில், எழும்பிப் போகத் தயாராக இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதைக் கேட்டாலும் ராணி பதில் சொன்னார். சொல்லிவிட்டு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தார்.

நாலே காலுக்குத் தொலைபேசி. அத்தான்.

"ரெயில் வரேல்லை. நான் ஸ்டேஷனில நிண்டு பார்த்திட்டுத் திரும்ப வீட்டை வந்திட்டன். இனி ராகு காலம் தொடங்கப் போகுது. ஆறு மணிக்குப் பிறகுதான் வெளிக்கிடுவன். அதுவரைக்கும் நல்ல விசயம் ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ!"

அதாவது, இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். தேங்காய் விலையும் முடிந்துபோன நிலையில்!

அப்போதுதான் துஷி அறையிலிருந்து வந்தாள். "ஒரு படம் பார்ப்பமா?"

எதைப் பார்ப்பது? சம்பந்தி ஆகப் போகிறவர்கள் முன்னால் எந்தப் படத்தைப் போடுவது என்பது லேசான கேள்வி இல்லை. துஷி டீவியில் மூன்றை எடுத்துக் காட்டினாள். முதலாவது தமிழ்ப் படம். காதலுக்கு அப்பா குறுக்கே நிற்கிற கதை. இன்றைக்கா? இரண்டாவது ஆங்கிலப் படம். போஸ்டரிலேயே ஒரு சோடி ஒரு குடைக்குள் மிகவும் நெருக்கமாக நின்றது. பவானி தொண்டையைச் செருமினாள். மூன்றாவது ஹொங்கொங் படம். கன்டோனீஸ் மொழி. சீட்டுக்கட்டை விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, நீங்களே சொல்லுங்கோ. உங்கட தெரிவு."

நான் யோசித்தேன். காதல் இல்லை. சீதனம் இல்லை. முத்தம் இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஊர். இதைவிடப் பாதுகாப்பான படம் உலகத்தில் உண்டா?

"மூண்டாவதைப் போடு" என்றேன், குடும்பத் தலைவன் தோரணையில்.

கதை இதுதான். சூதாட்டத்தில் ஏமாற்றுகிற ஒருவன். சட்டைக் கைக்குள் சீட்டு, சப்பாத்துக்குள் சீட்டு, தொப்பிக்குள் சீட்டு. மீன் சந்தையில் ஒரு முரட்டு முதலாளியை ஏமாற்றப் போகிறான். சீட்டை ஒட்டிவைக்க மீன் செதிலைப் பாவிக்கிறான்... சந்தையின் பூனைகள் எல்லாம் அவனைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பிடிபடுகிறான். நேரே சிறைச்சாலை. அங்கே போனால், ஒரே அறையில் அடைபட்டிருக்கிற எல்லோரும் இவனைவிடப் பெரிய எத்தர்கள்.

துஷி ஆங்கில சப்டைட்டிலை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். பூனைக் காட்சியில் பவானி சிரித்துவிட்டாள். ராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதுவரை இறுகிக் கிடந்த ஹோல் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் சிறைச்சாலைக் காட்சி வந்ததும் ராணியின் சிரிப்பு நின்றதை நான் கவனித்தேன். மழைக் குளிர் என்று நினைத்தேன். எழும்பிப் போய் மின்விசிறியைக் குறைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்!

சிறைக்குள் ஒரு பந்தயம். சீட்டு இல்லை, தாயம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். யாருடைய தட்டில் முதலில் ஈ உட்காருகிறதோ அவன் வென்றான். காவலாளியும் பந்தயம் கட்டுகிறான். நம் கதாநாயகன் எத்தன் ஆயிற்றே... யாருக்கும் தெரியாமல் தன் சோற்றில் சீனியைத் தூவுகிறான்.

"சரிவராது."

யார் சொன்னது? செல்வராசா! வந்ததிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை. சோபா நுனியிலிருந்து பின்னால் நகர்ந்து, சாய்ந்து, உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சீனிக்கு எறும்புதான் வரும். ஈ வராது. கருவாட்டுக் குழம்பு ஒரு பொட்டு வைக்கோணும். அதுவும் சோத்துக்கு மேல இல்லை, தட்டு விளிம்பில. நாங்கள் அப்பிடித்தானே..."

நின்றுவிட்டார்.

ராணி கண்ணை மூடிக்கொண்டார். டீவியில் மட்டும் யாரோ கன்டோனீஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். துஷி சப்டைட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

பவானி ரிமோட்டை எடுத்தாள். படம் அப்படியே உறைந்தது.

"நாங்கள் எண்டால்... எங்க?" என்று கேட்டாள்.

செல்வராசா மனைவியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "உள்ளுக்குத்தான் அக்கா" என்றார். "ஒண்டரை வருசம். பிரச்சினைக் காலத்தில, தமிழ்ப் பெடியன் எண்டு லொட்ஜில நிக்கேக்கை பொலிஸ் பிடிச்சவை. வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. பிறகு விட்டிட்டினம்."

"நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்" என்றார் ராணி. "இவர் சொல்லுவம், சொல்லுவம் எண்டுதான் நிண்டவர். மூத்தவளுக்கு வந்த ரெண்டு சம்பந்தம் இதாலதான் நிண்டு போச்சுது. இவனுக்கும் அப்பிடி ஆகக் கூடாது எண்டு... வரேக்கையும் வாயைத் திறக்கப்படாது எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

பவானியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் மகளின் கல்யாணம் அந்த நிமிடம் ஒரு ரிமோட்டின் முனையில் நின்றது. துஷி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

பவானி என்ன கேட்டாள் தெரியுமா?

"கருவாட்டுக் குழம்பு எங்கால? அங்க கருவாடு தர மாட்டினமே."

"என்ர அக்கா வெள்ளிக்கிழமையில சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வாறவா" என்றார் செல்வராசா.

"பார்சலைப் பிரிச்சு, சோத்தைக் கிண்டிப் பார்த்திட்டுத்தான் விடுவினம். முட்டையை இரண்டாப் பிளந்து பார்ப்பினம். குழம்பைப் போத்தலில விட மாட்டினம். சோத்துக்குள்ள ஊத்திக் கட்டினால்தான் உண்டு" என்றாள் பவானி.

"ஓம் அக்கா. அப்பிடித்தான். கிண்டின சோறுதான் உள்ளுக்கு வரும்."

நான் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினேன். "பவானி, உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் ரிமோட்டை மேசையில் வைத்தாள்.

"சின்னண்ணை" என்றாள். "நானும் அம்மாவும் பார்சலோட லைனில நிப்பம். அவர் வெளிய வந்து கனடாவுக்குப் போனாப் பிறகு, இந்தக் கதையை இனி வீட்டில எடுக்கப்படாது எண்டு பெரியண்ணை சொல்லிப் போட்டார். எனக்குக் கலியாணம் பேசின நேரம்."

அந்தக் கல்யாணம் யாரோடு? என்னோடுதான்! இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அந்தச் சின்னண்ணை, என் மைத்துனர், கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் சோற்றுப் பார்சலைக் கையில் வாங்க மாட்டார். "தட்டில போட்டுத் தா" என்பார். வெளிநாட்டுப் பவிசு என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணம் பேசும்போது நாங்கள் எதைத்தான் விசாரிக்காமல் விடுகிறோம்? சாதகம், படிப்பு, பல்லு, சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர். ஆனால் இந்த ஒன்றை இரண்டு பக்கமும் மறைக்கிறது. ஏன்? ஊரை ஏமாற்றிச் சம்பாதித்தவன் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருகிறான். ஒரு குற்றமும் செய்யாமல் உள்ளே இருந்துவிட்டு வந்த மனுசன் சோபா நுனியில் உட்காருகிறார். எங்கள் வீடுகளில் பார்சல் கட்டாத வீடு எத்தனை இருக்கும்? கட்டிய கை எல்லாம் ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருந்துவிட்டது... அந்தப் பகிடிக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. பவானியை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

ராணி எழும்பி வந்து பவானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பவானி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பந்தயத்தில வெண்டால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"யன்னல் பக்கத்தில படுக்கலாம்" என்றார் செல்வராசா. "எனக்குச் சொல்லித் தந்ததே ஒரு சிங்கள அய்யாதான். சீட்டில ஏமாத்தி உள்ளுக்கு வந்தவர். நான் சின்னப் பெடியன், வந்த புதுசில ஒரே அழுகை. 'மல்லி, பய வென்ன எப்பா' எண்டு சொல்லித் தன்ர இடத்தை எனக்குத் தந்தவர். தம்பி, பயப்பிடாதை எண்டு. எனக்கு முதல் விளங்கின சிங்களம் அதுதான். பிறகு சீட்டு வித்தை முழுக்கப் பழக்கினார். வெளிய போய் ஒருத்தரிட்டையும் பாவிக்க மாட்டன் எண்டு சத்தியமும் வாங்கினார்."

"பாவிச்சனீங்களோ?"

"இல்லை அக்கா. இரும்புக் கடையில என்னத்துக்குச் சீட்டு?"

படம் மறுபடி ஓடியது. இந்த முறை துஷி வாசித்ததைவிடச் செல்வராசா சொன்ன விளக்கம்தான் அதிகம். 'அது பொய்', 'இது உண்மை', 'இந்தாளைப் போல ஒருத்தர் எங்களோடையும் இருந்தவர்.' அவர் சொல்லச் சொல்லச் சிரித்தோம். ராணியும் சிரித்தார், தலைப்பால் மூடாமல்.

ஆறே முக்காலுக்கு அத்தான் வந்து சேர்ந்தார். குடையை மடக்குவதற்கு முன்னால் கேட்டார்: "ஒண்டும் கதைக்கேல்லைத்தானே?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். பவானி மட்டும் நிமிர்ந்தாள்.

"கதைச்சிட்டம் அண்ணை. இவர் உள்ளுக்கு இருந்தவராம். சின்னண்ணையைப் பற்றியும் நான் சொல்லிப் போட்டன்."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மழைத்துளி இவ்வளவு இருக்குமா?

"ராகு காலத்திலயோ சொன்னனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"அப்ப அது கணக்கில வராது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனுசர் இங்கே மனதைக் கொட்டியிருக்கிறார்கள், இவருக்குப் பஞ்சாங்கம்! வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அத்தான் ஒரு கதிரையை இழுத்துச் செல்வராசாவுக்கு நேரெதிரே, முழங்காலோடு முழங்கால் முட்டுகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நல்ல நேரம்" என்றார். "முதல்ல இருந்து சொல்லுங்கோ. என்ர தம்பி எங்களிட்டை ஒண்டும் சொன்னதில்லை. நாங்கள் கேட்க விட்டதும் இல்லை. அங்க எப்பிடி இருந்தது?"

செல்வராசா முதலிலிருந்து சொன்னார். லொட்ஜ், லொறி, முதல் இரவு, அந்த அய்யா, யன்னல், ஈ. எல்லாவற்றையும் நல்ல நேரத்தில், முறைப்படி, இன்னொரு தடவை. ராணி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் இடையில் ஒருமுறைகூட நேரம் பார்க்கவில்லை.

கல்யாணப் பேச்சு? ஓ, அதுவா? தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. செல்வராசாவின் மூத்த மகளுக்கு நல்ல இடமாகப் பார்ப்பது தன் பொறுப்பு என்று பவானி வேறு அறிவித்துவிட்டாள். கொட்டாஞ்சேனைக்குள் புகுந்த அதே மூன்று பாதைகளும் இனி எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்.

போவதற்கு முன்னால் செல்வராசாவை ஒரு வித்தை காட்டச் சொல்லிக் கேட்டோம். வீட்டில் முன்னூற்றிநாலு ஆட்டம் விளையாடுகிற சீட்டுக்கட்டு கிடந்தது. "ஏமாத்துறதுக்குத்தான் சத்தியம். காட்டுறதுக்கு இல்லை" என்று சொல்லி வாங்கினார். அந்தப் பெரிய விரல்களுக்குள் சீட்டுகள் தண்ணீர் மாதிரி ஓடின. மூன்றை எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார், அதில் இரண்டு ஓரம் கிழிந்த பழசுகள்.

"ஒண்டைத் தொடுங்கோ. உங்கட விருப்பம்."

நன்றாக யோசித்து ஒன்றைத் தொட்டேன். எடுத்துப் பார்க்காமலே அதன் பெயரைச் சொன்னார். சரி! இன்னொரு முறை. சரி! மூன்றாம் முறையும் சரி!

"எப்பிடி?"

"நீங்கள் எங்க எடுத்தனீங்கள்?" என்று சிரித்தார். "நான் எடுக்க வைச்சனான். நீங்கள் தொடவே மாட்டியள் எண்டு தெரிஞ்ச ரெண்டைப் பக்கத்தில வைக்கோணும். பிறகு, உங்கட தெரிவு எண்டு சொல்லிப் போட்டுப் பேசாமல் இருக்கோணும். அவ்வளவுதான் வித்தை. எடுத்தவருக்குத் தான்தான் எடுத்தனான் எண்டு ஒரு பெருமை வரோணும்."

எனக்கு ஏதோ பொறி தட்டியது. காதலுக்குக் குறுக்கே நிற்கிற அப்பா... ஒரு குடைக்குள் ஒரு சோடி... 'நீங்களே சொல்லுங்கோ அப்பா'... நிரோஷன் தன் அப்பாவின் கதையை அவளுக்குச் சொல்லாமலா இருந்திருப்பான்?

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லாத அக்கறையோடு துஷி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் பதிவு செய்துவிடுகிறேன்: அந்தப் படத்தைத் தெரிவு செய்தது நான்தான்.